நாலு செக்கன் வலைவீச்சு: வீடியோவின் மேல் கார்ட்டூன் கீறுவது எப்படி

சின்ன வகுப்பில் இலங்கைப் படம் கீறிக்கொண்டு வரச் சொன்னால் நாங்கள் என்ன செய்தோம்? வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவினோம். தாள் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் அட்லஸின் மேல் வைத்து, அடியில் தெரிந்த கரையோரத்தைப் பென்சிலால் பின்தொடர்ந்தோம். எண்ணெய்ப் போத்தலைத் தொட அம்மா விடாத நாட்களில் ஜன்னல் கண்ணாடியில் அட்லஸ் பக்கத்தையும் தாளையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, வெளி வெளிச்சத்தில் கீறினோம்.

இங்கே விளக்கப்போகிற கலையின் அடிப்படை அவ்வளவுதான். அட்லஸ் இருந்த இடத்தில் ஒரு வீடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ என்பது வேகமாக ஓடும் நிழற்படங்களின் வரிசை. அதில் ஒவ்வொரு நிழற்படத்தையும் பிரேம் என்பார்கள். ஒவ்வொரு பிரேமின் மேலும் ஒரு தாளை வைத்து, வேண்டிய கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு அந்தத் தாள்களை அதே வேகத்தில் ஓடவிட்டால் வீடியோவில் நடந்த ஆள் இப்போது கார்ட்டூனாக நடப்பார். இதன் பெயர் ரோட்டோஸ்கோப்பிங். இதற்கு நெருங்கிய உறவான இன்னொன்றும் உண்டு. வீடியோவை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் இல்லாத ஒன்றை மட்டும் பிரேம் பிரேமாகக் கீறிச் சேர்ப்பது. இரண்டையும் சொல்கிறேன்.

அக்காவின் மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள், நல்லாகக் கீறுவாள். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இதை அவளுக்குக் காட்டிக் கொடுக்கத் தொடங்கியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “பார்த்துக் கீறுறது களவுதானே மாமா?” என்பது. நல்ல கேள்வி. ஓவியப் பாடத்தில் பிரதி எடுத்தால் புள்ளி குறைப்பார்கள் என்ற பயத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு அது வரத்தான் செய்யும். அவளுக்கு நான் சொன்ன பதில்: ஒரு பிரேமில் எண்ண முடியாத அளவு விவரம் இருக்கிறது. வாவியின் சிற்றலைகள், சட்டையின் சுருக்கம், தலைமுடி, பின்னால் நிற்கிற தென்னைகளின் ஒவ்வொரு ஓலை. அதில் ஒரு 20 கோடுகளைத்தான் நீ எடுக்கப்போகிறாய். எந்த 20 என்று வீடியோ சொல்லித் தராது. அதைத் தீர்மானிக்கிறது உன் வேலை, அங்கேதான் உன் கை தெரியும்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் மெக்ஸ் ஃபிளைஷர். நியூயோர்க்கில் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையின் ஓவியப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர், இயந்திரங்களில் ஆர்வமுள்ளவர். அக்காலக் கார்ட்டூன்களில் உருவங்கள் வெட்டி வெட்டி அசைந்தன. 1915இல் அவர் ஒரு கருவியைச் செய்தார். படச்சுருளை ஒரு புரொஜெக்டரில் ஏற்றி, ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்றின் பின்புறத்தில் விழச் செய்வது. கண்ணாடியின் முன்புறத்தில் தாளை வைத்து ஓவியர் கீறுவது. எங்கள் ஜன்னல் கண்ணாடி வேலைதான், சூரியனுக்குப் பதில் புரொஜெக்டர். அவருடைய தம்பி டேவ் கோமாளி உடுப்புப் போட்டுக் கமராவுக்கு முன்னால் ஆடினார். அந்த ஆட்டத்தின் மேல் கீறிய உருவம்தான் பிறகு கோக்கோ என்ற கோமாளியாகப் பெயர் எடுத்தது. 1917இல் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே ஃபிளைஷர் நிறுவனம் 1932இல் செய்த ஒன்றை என் மருமகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், காட்டினேன். கெப் கெலோவே என்ற ஜாஸ் பாடகர் வழுக்கிக்கொண்டே பின்னால் போகிற மாதிரி ஒரு விசித்திரமான ஆட்டம் ஆடுவார். அவரைப் படமெடுத்து, அந்த அசைவின் மேல் வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கின் ஆவியைக் கீறினார்கள். இடுப்பும் காலும் போகிற போக்கு கெலோவேயுடையது, உடம்பு வால்ரஸுடையது. அதைப் பார்த்த பிறகு களவு என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

அதன் பிறகு இந்த முறை பல இடங்களுக்குப் போயிற்று. 1937இல் வெளிவந்த டிஸ்னியின் ஸ்னோ வைட் படத்துக்கு மார்ஜ் சாம்பியன் என்ற இளம் நடனக்காரியை ஆடவைத்துப் படமெடுத்தார்கள். ஆனால் அங்கே ஓவியர்கள் அசைவை எடுத்துக்கொண்டு உடலின் அளவுகளை மாற்றினார்கள், ஏனென்றால் மனித உடம்பை அப்படியே கோடாக்கினால் கார்ட்டூன் விறைத்துப் போகிறது. இந்த விறைப்பைப் பற்றிக் கீழே சொல்லவேண்டும். என் வயதுக்காரர்கள் கம்பியூட்டர் வகுப்பில் களவாக விளையாடிய பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா என்ற 1989ஆம் ஆண்டு விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? மதில் விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறுகிற அந்தச் சின்ன உருவம் அவ்வளவு உயிரோடு இருந்ததற்குக் காரணம், அதைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் பாயவும் வைத்து வீடியோ எடுத்து, பிரேம் பிரேமாகப் பிரதி செய்தது. மறுபடியும் ஒரு தம்பி! 2017இல் ஓவியர் வான் கோவின் கடைசிக் காலத்தைப் பற்றிய முழுநீளப் படம் ஒன்றை ஏறத்தாழ 65,000 எண்ணெய் வர்ண ஓவியங்களால் செய்தார்கள். நடிகர்களை முதலில் படமெடுத்து, அதன் மேல் தூரிகையால்.

சரி, நாங்கள் செய்ததற்கு வருவோம்.

கணக்கை முதலில் போடுங்கள்

திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம் ஓடுகிறது. எங்கள் நாட்டுத் தொலைக்காட்சிக்கு 25. கைபேசிகள் பொதுவாக 30இல் பதிவு செய்யும். சிலவற்றில் 24 என்றும் தெரிவு இருக்கும், எங்களுடையதில் இருந்தது.

24 பிரேமுக்கும் 24 படம் கீறத் தேவையில்லை. இரண்டு பிரேமுக்கு ஒரு படம் கீறி, அதையே இரண்டு தடவை காட்டினால் போதும். செக்கனுக்கு 12 படம். கண் அதைத் தொடர்ச்சியான அசைவாகவே ஏற்றுக்கொள்ளும், கையால் கீறிய படங்களுக்கு அது ஒரு இதமான நடையையும் தரும். கைபேசியில் 30 மட்டும்தான் என்றால் மூன்றுக்கு ஒன்றாகக் கீறுங்கள், செக்கனுக்கு 10 வரும்.

நாங்கள் தெரிவு செய்தது 4 செக்கன். 12ஆல் பெருக்கினால் 48 படம். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் என்றாலும் 8 மணித்தியாலம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்: ஒரு நிமிஷ வீடியோவை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஒரு நிமிஷம் என்றால் 720 படம். இருபதாவது படத்தில் அலுத்து, விட்டுவிடுகிறார்கள். 3 அல்லது 4 செக்கன் எடுங்கள். அதற்குள் ஒரு முழு அசைவு தொடங்கி முடியவேண்டும்: ஒரு பாய்ச்சல், ஒரு திரும்பல், ஒரு வலைவீச்சு.

கீறுவதற்காக எடுக்கிற வீடியோ

வேறு யாரோ எடுத்த வீடியோவின் மேல் கீறுவதை விட நாங்களே எடுப்பது எல்லா வகையிலும் நல்லது. ஒன்று, உரிமைப் பிரச்சினை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஒருவருடைய படத்தின் மேல் நாங்கள் கோடு போட்டதால் மட்டும் அது எங்களுடையதாகி விடாது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். பார்ப்பதற்காக எடுத்த வீடியோ வேறு, கீறுவதற்காக எடுக்கிற வீடியோ வேறு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார், வாவியில் வீச்சு வலை போடுகிறவர். கேட்டதும் சம்மதித்தார். “என்ன புள்ள, என்னப் புடிக்கப் போறியா, வலையப் புடிக்கப் போறியா?” என்று அவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். முதல் தடவை பின்னேரம் போனோம். கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நிலம். கடல் கிழக்கே, வாவி மேற்கே. பின்னேரம் வாவியைப் பார்த்துக் கமராவைப் பிடித்தால் சூரியன் நேரே எதிரில். பார்ப்பதற்கு அழகான வீடியோதான். ஆனால் மாமா முழுக் கறுப்பாகத் தெரிந்தார். கை எங்கே முடிந்து மார்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நிழலுருவமாக ஒரு கார்ட்டூன் செய்வதென்றால் அது பொன்னான வீடியோ. எங்களுக்கு முகமும் கையும் வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் கமரா ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை நகர்ந்துவிடுவதால், விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு தடம்தான் விழும். வீடியோ ஓடும்போது அது தெரியாது. பிரேமை நிறுத்தினால்தான் தெரியும், எங்கள் வேலையோ நிறுத்தி வைத்துச் செய்வது.

அடுத்த நாள் காலையில் எட்டு மணிக்கு முன்னால் போனோம். இப்போது சூரியன் கடல் பக்கம், எங்கள் முதுகுக்குப் பின்னால். முகத்தில் வெளிச்சம், கையில் வெளிச்சம், விரல்கள் கூர்மையாக விழுந்தன. கைபேசியைக் கையில் பிடிக்காமல் முக்காலியில் இறுக்கினோம். முக்காலி இல்லாவிட்டால் கதிரையில் புத்தகங்களை அடுக்கி அதற்கிடையில் செருகினாலும் சரி. கமரா அசைந்தால் நீங்கள் கீறுகிற ஒவ்வொரு படத்திலும் அந்த ஆட்டமும் சேர்ந்து வந்துவிடும்.

உடுப்பைப் பற்றியும் யோசிக்கவேண்டும். சாரம் கட்டிய ஆளின் முழங்கால் எங்கே மடிகிறது என்று தெரியாது. முழங்கால் தெரியாவிட்டால் உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்றும் தெரியாது, கீறிய உருவம் நிலத்தில் நிற்காமல் மிதக்கும். மாமாவிடம் சொன்னோம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார், வலை வீசும்போது அவர் வழக்கமாகச் செய்வதும் அதுதான். தண்ணீருக்குள் இறங்கினால் பாதம் மறையும் என்பதால் கரை விளிம்பில் நிற்கக் கேட்டோம். மேலுக்கு வெள்ளைச் சட்டை, பின்னால் வாவி. சட்டையும் பின்னணியும் ஒரே நிறமாக இருந்தால் விளிம்பைத் தேடித் தேடிக் கண் வலிக்கும். பழகாத கைகளுக்கு ஒரு நல்ல உபாயம்: தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகிய இடங்களில் சின்னச் சின்ன நிற ஒட்டுத்தாள் துண்டுகளை ஒட்டி எடுப்பது. கீறும்போது முதலில் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

கோடு போடத் தொடங்குதல்

கணினி இருந்தால் கிரிட்டா என்ற இலவசச் செயலி போதும். அது வீடியோவைப் பிரேம் பிரேமாகப் பிரித்து உள்ளே எடுத்துக்கொள்ளும். பிளெண்டரும் இலவசம்தான், அதில் கிரீஸ் பென்சில் என்ற கருவியால் வீடியோவின் மேல் கீறலாம், ஆனால் பழக நாளாகும். கைபேசியிலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு ஃபிளிப்பாகிளிப் இருக்கிறது. அதில் சில வசதிகளுக்குப் பணம் கேட்கும். விரலால் கீறுவதை விடப் பேனை மாதிரி முனையுள்ள ஸ்டைலஸ் ஒன்று வாங்கினால் வித்தியாசம் தெரியும்.

இவை எதுவுமே இல்லாமலும் முடியும். பிரேம்களைத் தனித்தனிப் படங்களாக எடுத்து, மங்கலாக அச்சடித்து, ஜன்னலில் வைத்தோ, இரண்டு புத்தக அடுக்கின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து அதன் அடியில் எல்ஈடி விளக்கை எரியவிட்டோ கீறி, பிறகு ஒவ்வொரு தாளையும் படமெடுத்துச் சேர்க்கலாம். நான்கு மூலையிலும் ஒரு சின்னச் சிலுவைக் குறியை எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் போட மறக்கவேண்டாம். சேர்க்கும்போது அந்தக் குறிகளைப் பொருத்தாவிட்டால் முழுப் படமும் நடுங்கும். கணினி அறை இல்லாத பாடசாலையில் ஒரு வகுப்பே சேர்ந்து செய்ய இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தால் 24 பிள்ளைகளோடு 4 செக்கன் முடிந்துவிடும்.

செயலியில் லேயர் என்று சொல்வது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களை. அடியில் வீடியோ, அதன் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தவறுதலாக அதிலேயே கீறிவிடுவீர்கள். அதற்கு மேல் நிறத்துக்கு ஒரு லேயர், அதற்கும் மேல் கோட்டுக்கு ஒன்று. பின்னணிக்குத் தனியாக ஒன்று. வாவியையும் தென்னைகளையும் ஒரே ஒரு தடவை கீறினால் போதும், கமரா அசையாமல் எடுத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது.

முதல் பிரேமில் தொடங்கி வரிசையாகக் கீறிக்கொண்டு போகாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு, அசைவு திசைமாறுகிற இடங்களைத் தேடுங்கள். வலைவீச்சில் நாங்கள் கண்டது ஐந்து: வலையின் ஒரு பகுதியைத் தோளிலும் மிச்சத்தைக் கையிலும் எடுத்துக்கொண்டு நிற்பது, உடம்பைப் பின்னால் முறுக்குவது, முறுக்கு அவிழ்ந்து கை நீளுவது, வலை வட்டமாக விரிந்து காற்றில் நிற்பது, ஈயக்குண்டுகள் தண்ணீரில் விழுவது. இந்த ஐந்தையும் நேரமெடுத்து, கவனமாகக் கீறினோம். மற்றப் படங்கள் இந்த ஐந்துக்கும் இடையில் விழுகிறவை. ஐந்து தூணும் நேராக நின்றால் இடையில் உள்ளவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

அந்த முதல் ஐந்திலேயே சட்டங்களையும் எழுதிவிடவேண்டும். மருமகள் ஒரு கொப்பித் தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டினாள்: முகத்தில் புருவம், மூக்கு, மீசை, இவ்வளவுதான், சாரத்தில் மூன்று மடிப்பு, விரல்கள் தனித்தனியாக இல்லை, கட்டைவிரல் ஒன்று, மற்ற நான்கும் சேர்ந்து ஒரு கூட்டம். ஏன் இந்தக் கட்டுப்பாடு? ஒரு படத்தில் மூன்று மடிப்பும் அடுத்த படத்தில் ஐந்தும் அதற்கடுத்ததில் இரண்டும் இருந்தால், ஓடவிடும்போது சாரம் உலைநீர் போலக் கொதிக்கும். கோடு துடிப்பது என்று நான் இதைச் சொல்வேன். கையால் பிரதி செய்கிற எல்லாவற்றிலும் ஓரளவு துடிப்பு இருக்கும், அது இந்தக் கலையின் மணம், முழுவதுமாக நீக்க நான் விரும்புவதில்லை. ஆனால் கண் போகவேண்டிய இடம் கையும் வலையும். அங்கே போகாமல் சாரத்தின் துடிப்பில் சிக்கினால் படம் கெட்டுவிடும். ஒனியன் ஸ்கின் என்ற வசதியைப் போட்டுவைத்தால் முந்திய படம் மங்கலாகத் தெரியும். வீடியோவை ஒரு கண்ணாலும் முந்திய படத்தை மறு கண்ணாலும் பார்த்துக் கீறுவது போல.

வலையை எப்படிக் கீறுவது என்பதில் ஒரு முழு நாள் போயிற்று. முதலில் கண்ணிகளைக் கீறப் பார்த்தாள். முடியாது, கீறினாலும் கறுப்புக் குப்பையாகத் தெரியும். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். பார்க்கிறவருடைய கண் வலையில் எதைப் பிடித்துக்கொள்கிறது? விளிம்பை. ஈயக்குண்டுகள் இழுத்துக்கொண்டு போகிற அந்த வட்டத்தை. அதனால் விளிம்புக்கு ஒரு தடித்த கோடு, அதில் சில புள்ளிகள், நடுவை நோக்கிப் போகிற ஏழெட்டு மெல்லிய கோடுகள். அதோடு விட்டோம். ஓடவிட்டபோது வலை விரிந்தது. மேசையில் கைதட்டினாள்.

வலை விரிகிற அரை செக்கனில் மட்டும் அசைவு மிக வேகம். இரண்டுக்கு ஒன்றாகக் கீறியபோது வட்டம் திடீரென்று வந்து நின்றது. அந்த 12 பிரேமில் விட்டுவிட்ட ஆறையும் கீறிச் சேர்த்தோம். 48 இப்படித்தான் 54 ஆயிற்று. எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கீறவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

விறைப்பு

இவ்வளவும் சரியாகச் செய்து ஓடவிட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று குறையும். உருவம் சரியாக அசைகிறது, ஆனால் பாரம் இல்லை, விசை இல்லை. புதியவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். காரணம் இதுதான்: நிழற்படத்தில் தோலின் நிறம், நிழல், துணியின் கனம், தசையின் இறுக்கம் எல்லாம் சேர்ந்து அந்த மனிதரின் முயற்சியை எங்களுக்குச் சொல்கின்றன. கோடாக மாற்றியபோது அவ்வளவும் போய்விட்டது. போனதை வேறு வழியில் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

மாமா உடம்பைப் பின்னால் முறுக்குகிற இடத்தில், வீடியோவில் இருந்ததை விட முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்தாள். வீசி முடித்த கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். வலை முழுதாக விரிந்து நிற்கிற படத்தை மேலும் நான்கு பிரேமுக்கு நிறுத்திவைத்தோம், செக்கனில் ஆறில் ஒரு பங்கு. உண்மையில் வலை அப்படி நிற்பதில்லை. ஆனால் கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது நிற்கிற மாதிரித்தான் ஞாபகத்தில் பதிகிறது. இந்த இடத்துக்கு வந்தபோது அவள் வீடியோவைத் தாண்டிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

இப்போது ஒரு படத்தைக் கீறிக் கொடுத்தால் மற்றப் பிரேம்களுக்கு அந்தப் பாணியைத் தானே பரப்புகிற எப்சிந்த் போன்ற செயலிகளும் வந்திருக்கின்றன. பயன்படுத்துங்கள், தடையில்லை. ஆனால் முதல் வேலையையாவது முழுக்கக் கையால் செய்யவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதுகை எங்கே வளைப்பது என்ற முடிவு 54 தடவை பார்த்த கண்ணுக்குத்தான் வரும்.

இல்லாத ஒன்றைச் சேர்ப்பது

அடுத்தது, உண்மையான வீடியோவுக்குள் ஒரு கார்ட்டூன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு வேறு எதைத் தெரிவு செய்வது? பாடும் மீன். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிற அந்தப் பாட்டுக்கு ஒரு முகம் கொடுக்கலாம் என்று நினைத்தோம். வலை விழுந்த இடத்திலிருந்து ஒரு கீறிய மீன் துள்ளி, மாமாவின் கைக்குப் பின்னால் போய், மறுபடி வாவியில் விழவேண்டும்.

மீனைக் கீறுவது சுலபம். அது அந்த இடத்தில் இருக்கிறது என்று நம்பவைப்பதுதான் வேலை. இதற்கு மூன்று இடங்களில் கண் வைக்கவேண்டும். தண்ணீரைத் தொடும்போது அலை வேண்டும், நீர்த்துளி வேண்டும், அதன் கீழே மங்கலான நிழல் வேண்டும். நிழல் இல்லாத மீன் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரித் தெரியும். கைக்குப் பின்னால் போகிற பிரேம்களில் கையின் விளிம்பைப் பின்தொடர்ந்து, அங்கே மீனை அழித்துவிடவேண்டும். பெரிய திரைப்படங்களில் ரோட்டோ என்று சொல்லி இன்றும் நூற்றுக்கணக்கானோர் செய்வது இந்த விளிம்பு வேலையைத்தான். மூன்றாவது, கமரா. அது அசையாமல் நின்றால் இரண்டுக்கு ஒன்று கீறினாலும் பரவாயில்லை. கமரா நகர்கிற வீடியோவில் அப்படிச் செய்தால், பின்னணி ஒவ்வொரு பிரேமிலும் நகர, மீன் இரண்டு பிரேமுக்கு ஒரே இடத்தில் நிற்கும். வழுக்கி வழுக்கிப் போகும். அப்போது எல்லாப் பிரேமிலும் கீறவேண்டும், அல்லது குறைந்தது படத்தை ஒவ்வொரு பிரேமிலும் பின்னணியோடு சேர்த்து நகர்த்தவேண்டும்.

சத்தத்தை வீடியோவில் இருந்தபடியே விட்டோம். ஈயம் தண்ணீரில் விழுகிற சத்தம் கீறிய வலையை நிஜமாக்கிவிடுகிறது.

எனக்கு நெடுநாளாக ஒரு ஆசை இருக்கிறது. எங்கள் பக்கத்து வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்துகளின் ஆட்டங்களை இப்படிக் கீறி வைக்கவேண்டும். வீடியோவாக எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புதிதாக ஆடப் பழகுகிற பிள்ளைக்கு அதில் கால் தெரியாது. வடமோடி அரசர்களின் அகன்ற கரப்புடுப்பு முழங்காலை மறைக்கும். இரவு வெளிச்சத்தில் பாதம் மங்கும். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சனம் நிற்கும். அரங்கேற்றத்தை எடுக்காமல் பழக்கத்தை எடுக்கவேண்டும்: பகலில், சாதாரண உடுப்பில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளம் தட்டத் தட்ட. பிறகு இடுப்புக்குக் கீழே மட்டும் கோடாக்கி, தாளக்கட்டின் ஒவ்வொரு அடிக்கும் கால் விழுகிற படத்தைச் சிவப்பில் கீறினால், அரை செக்கனுக்கு ஒரு அடி என்று வைத்தாலும் ஆறு படத்துக்கு ஒரு சிவப்பு வரும். வீடியோவில் தெரியாத கணக்கு கோட்டில் தெரியும். இதை யாராவது எங்களுக்கு முன்னால் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்தான்.

வலைவீச்சு முடிந்த அன்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கைபேசியைக் கிட்டப் பிடித்து மூன்று தடவை பார்த்தார். முதுகை வளைத்ததைப் பற்றியோ, வலை காற்றில் நின்றதைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தடவை நிறுத்தச் சொன்னார். “எல்லாம் சரி புள்ள. கையில கயிறு எங்க? கயிறு இல்லாட்டி வலை போயிருமே.”

மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றைத் தேவையில்லாத கோடு என்று முதல் நாளே விட்டிருந்தாள். கொப்பித் தாளில் இருந்த சட்டங்களுக்குக் கீழே அதையும் எழுதிவிட்டு, அன்று இரவே 54 படத்தையும் திறந்து ஒவ்வொன்றிலும் மணிக்கட்டிலிருந்து வலை வரைக்கும் ஒரு கோடு போட்டாள். அரை மணித்தியாலம் பிடித்தது.